லெஸ் பால் கிடாருக்கு ஒரு பிக்ஸ்பி: வேலை தொடங்குவது நட்டில்

லெஸ் பால் வகை எலக்ட்ரிக் கிடாரில் வைப்ரேட்டோ கை, அதாவது அசைத்தால் எல்லாக் கம்பியின் சுருதியையும் அலையவிடும் நெம்புகோல், கிடையாது. கம்பிகளின் அடிமுனை ஒரு கனமான டெயில்பீஸில் மாட்டியிருக்கும். அந்த டெயில்பீஸ் இரண்டு தடித்த ஸ்டட்களில் (திருகுகளில்) உடம்போடு சேர்ந்து அசையாமல் நிற்கும். எனக்கு அந்தக் கிடார்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மெதுவான ஒரு பாட்டின் கடைசி கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலியை) அடித்துவிட்டு, அது அடங்குவதற்குள் மொத்தக் கார்டையும் லேசாக அலையவிட வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. விரலால் ஒரு கம்பியை அசைக்கலாம், இரண்டையும் அசைக்கலாம். ஆறையும் சேர்த்து அசைக்க ஒரு கருவி வேண்டும்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் 1954-லிருந்து வரும் ட்ரெமோலோவை (வைப்ரேட்டோவைத்தான் அப்படியும் சொல்வார்கள்) இதில் வைக்க வேண்டுமானால் உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் மரத்தைக் குடைந்தாக வேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற இன்னொரு வகைக்கும் குடைய வேண்டும், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டையும் மாற்ற வேண்டும். நல்ல மகோகனி உடம்பைக் குடைய எனக்கு மனம் வரவில்லை. உடம்பின்மேல் உட்காரும் பிக்ஸ்பி என்ற வைப்ரேட்டோதான் பொருத்தம் என்று முடிவு செய்தேன்.

பிக்ஸ்பி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதை எப்படிப் பொருத்துவது என்பதும் பாதி புரிந்துவிடும். பால் பிக்ஸ்பி கலிஃபோர்னியாவின் டவுனி என்ற ஊர்க்காரர். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் பட்டறை வேலையிலும் ஊறியவர். கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் ட்ராவிஸிடம் காஃப்மன் வைப்ரோலா என்ற பழைய வைப்ரேட்டோ பொருத்திய ஒரு கிப்சன் கம்பெனிக் கிடார் இருந்தது. கையை அசைக்கும் போதெல்லாம் அதில் சுருதி கலைந்தது. அதைச் சரிசெய்து தரக் கேட்டபோது, பிக்ஸ்பி பழையதை விட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்றைச் செய்தார். சுருதி கலையக் கூடாது என்பதற்காகவே பிறந்த கருவி இது. பிறகு 1960களின் நடுவில் கிப்சனின் முன்னாள் தலைவர் டெட் மெக்கார்ட்டி அந்தத் தொழிலை வாங்கினார், 1999-இல் அது கிரெட்ச் கம்பெனியிடம் போனது, 2019-இல் ஃபெண்டர் கம்பெனியிடம் வந்தது. இத்தனை கை மாறியும் அடிப்படை வடிவம் அப்படியே இருக்கிறது: உருளும் ஒரு தண்டு, அதில் ஆறு முளைகள், கைக்கு அடியில் ஒரே ஒரு ஸ்பிரிங்.

ஆனாலும் கிடார்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "பிக்ஸ்பி போட்டால் சுருதி நிற்காது" என்றுதான் சொல்வார்கள். எனக்கு வேலை செய்து கொடுக்கும் ரிப்பேர்க்காரரிடம் போய் நின்றபோது, அவர் கிடாரை வாங்கி ஜி கம்பியை இறுக்கும் திருகான ட்யூனரைக் கொஞ்சம் திருப்பினார். நட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டுச்சா தம்பி? கம்பி இங்கே மாட்டிக்கிட்டு நிக்குது. முதல்ல இதைச் சரிபண்ணு. பிக்ஸ்பியை அப்புறம் போடலாம்."

"பிக்ஸ்பி போட்டுட்டு அதோட சேர்த்துப் பார்த்துக்கலாமே அண்ணே?"

"போட்டப்புறம் சுருதி நிக்கலேன்னா எதைக் குறை சொல்லுவே? பிக்ஸ்பியையா, நட்டையா? முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு."

அவர் சொன்ன வரிசையில்தான் செய்தேன். இதைச் செய்ய நினைக்கிற எல்லோருக்கும் அந்த வரிசையையே சொல்வேன். பிக்ஸ்பியைத் திருகிப் பொருத்துவது ஒரு மாலை வேலை. கம்பி எங்கெல்லாம் உராய்கிறதோ அங்கெல்லாம் அதை வழுக்கிப் போகவைப்பதுதான் உண்மையான வேலை.

நான் நட் என்று சொல்வது போல்ட்டில் மாட்டும் நட்டை அல்ல. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் அந்தச் சிறிய எலும்பு அல்லது பிளாஸ்டிக் கட்டையை. லெஸ் பாலின் நட்டில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கம்பி நட்டை நன்றாக அழுத்தும். இரண்டு, ட்யூனர்கள் பக்கத்துக்கு மூன்றாக இருப்பதால் நடுவில் இருக்கும் டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக வளைந்து போகும். வளைகிற இடத்தில் பள்ளத்தின் சுவரில் உரசும். ஜி கம்பி எப்போதும் சுருதி விடுகிறது என்று லெஸ் பால்காரர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பள்ளத்தைச் சீராக்க நட் அரம் வாங்கலாம், ஆனால் விலை அதிகம். கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி அரங்கள் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அந்த செட்டில் பல தடிமன் இருக்கும். கம்பியைவிட ஒரு மயிரிழை தடிமனான அரத்தை எடுத்துப் பள்ளத்தின் சுவர்களை மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அடித்தளத்தைத் தொடக் கூடாது. பள்ளம் ஆழமானால் கம்பி முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். டி, ஜி இரண்டிலும் ட்யூனர் பக்கத்து விளிம்பை, கம்பி போகும் திசையில் கொஞ்சம் விரித்துவிட வேண்டும். கடைசியில் பழைய கம்பித் துண்டில் ஆயிரம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி இழுத்தால் மழமழப்பாகிவிடும். அதன் பிறகு 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துக் கரித்தூள் படியவிடுங்கள். டிங் சத்தம் போன பிறகு, பழைய டெயில்பீஸோடேயே கொஞ்ச நாள் வாசித்துப் பார்த்தேன். கம்பியை எவ்வளவு வளைத்து வாசித்தாலும் சுருதி திரும்பி வந்து நின்றது. அந்த மாற்றத்துக்கு ஒரு பைசா பாகம்கூட வாங்கவில்லை.

அடுத்தது பிரிட்ஜ், உடம்பின்மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம். லெஸ் பாலில் இருக்கும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜின் சேடில்களில் (ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள சிறு துண்டுகளில்) கம்பி உட்காரும் வெட்டு கூர்மையாக இருந்தால் அங்கேயும் மாட்டும். கம்பி சிறு உருளைகளின்மேல் ஓடும் ரோலர் பிரிட்ஜ் வாங்கிப் போடு என்று பலர் சொன்னார்கள். என் கருத்து வேறு. நல்ல ரோலர் பிரிட்ஜ் நல்லதுதான், மலிவானவற்றில் ரோலர் அதன் அச்சில் ஆடும், இரைச்சல் கொடுக்கும். இருக்கிற பிரிட்ஜின் வெட்டுகளை மெட்டல் பாலிஷ் தடவிய கம்பித் துண்டால் இழுத்து இழுத்துப் பளபளப்பாக்கினேன். அது போதுமானதாக இருந்தது. பிரிட்ஜ் தன் கால்களின்மேல் லேசாக முன்னும் பின்னும் ஆடினாலும் பயப்பட வேண்டாம். ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் சரி. 1958-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிடாரில் பிரிட்ஜை ஆடும்படியேதான் வடிவமைத்தார்கள்.

இனி பிக்ஸ்பிக்கு வருவோம். மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எஸ்ஜி கிடார் போலத் தட்டையான உடம்புக்கு பி5. லெஸ் பாலின் குவிந்த மேற்பரப்புக்கு பி7. உள்ளே வெற்றிடமுள்ள, குவிந்த முகம் கொண்ட ஆர்ச்டாப் கிடார்களுக்கு பி3, பி6. டெலிகாஸ்டர் கிடாருக்கு பி16. இவற்றில் சிலவற்றுக்கு பி50, பி70 என்று குறைந்த விலையில் உரிமம் பெற்ற வகைகளும் உண்டு. பி5, பி7 இரண்டிலும் பிரிட்ஜுக்கும் தண்டுக்கும் நடுவே இன்னொரு குறுக்குத் தண்டு இருக்கும். கம்பி அதன் அடியில் நுழைந்து போகும். கம்பி பிரிட்ஜை நன்றாக அழுத்தி உட்கார அது தேவை. ஆனால் உராய்கிற இடம் ஒன்று கூடுகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பி7-ஐ நேராக உடம்பில் ஸ்க்ரூ அடித்துப் பொருத்தலாம். நான் துளை போடாமல் பொருத்தும் இடைத்தகடு ஒன்றை வாங்கினேன். வைப்ராமேட் போன்றவர்கள் செய்வது இந்த மாதிரித் தகடுதான். பழைய டெயில்பீஸின் ஸ்டட் துளைகளையும் பின்னால் ஸ்ட்ராப் பட்டன் துளையையும் பிடித்துக்கொண்டு நிற்கும். நாளைக்கு மனம் மாறினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். கிடாரை விற்க நேர்ந்தாலும் துளை இல்லாத உடம்புக்குத்தான் விலை.

இந்தத் தகடு வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று ஸ்டட்டின் மரை. அமெரிக்காவில் செய்த கிப்சனில் அது அங்குல மரை, 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். ஆசியாவில் செய்த பெரும்பாலான கிடார்களில் எம்8, அதாவது 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்குமேல் ஏறாமல் இறுகும்போது பலம் கொடுத்துத் திருகினால் மரத்துக்குள் பதித்திருக்கும் உலோகக் குழாயான புஷ்ஷின் மரை போய்விடும். பழைய ஸ்டட்டைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு எம்8 போல்ட் நட்டை அதில் கையால் ஏற்றிப் பாருங்கள். விரல் பலத்திலேயே முழுவதும் ஏறினால் எம்8. அதைத் தெரிந்துகொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவையும் உண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி, மெல்லிய ஈ கம்பி இரண்டின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் இரண்டு பக்க உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். லெஸ் பாலில் எல்லாக் கம்பியையும் எடுத்தால் பிரிட்ஜும் டெயில்பீஸும் பிடிப்பில்லாமல் கழன்று விழும். விழுந்தால் முன்பக்க வார்னிஷில் குழி விழும். மேலே ஒரு கனத்த துணியைப் பரப்பி, பிரிட்ஜை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டுத்தான் நான் தொடங்கினேன்.

தகட்டைத் தளர்வாக மாட்டிவிட்டு உடனே இறுக்கிவிடாதீர்கள். இரண்டு ஈ கம்பிகளை மட்டும் போட்டு, கொஞ்சம் இழுத்துவைத்து, கழுத்தின் கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்முனையைத் தேவையான பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி பார்த்துவிட்டு இறுக்கலாம். பின்முனை ஸ்ட்ராப் பட்டன் ஸ்க்ரூவில் நிற்கிறது என்பதால் இப்போது அந்த ஸ்க்ரூ கிடாரின் எடையையும் கம்பிகளின் இழுவையில் ஒரு பங்கையும் தாங்குகிறது. தடிமன் 10 முதல் 46 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) உள்ள ஒரு செட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் துளையில் மரக்குச்சியும் மரப்பசையும் வைத்துக் காயவிட்டு, நீளமான ஸ்க்ரூவாகப் போடுங்கள். ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்தால் மரத்தைப் பிளக்காமல் இறங்கும்.

கிரவுண்ட் விஷயத்தை, அதாவது இரைச்சல் வராமல் கம்பிகளை எர்த் இணைப்போடு சேர்ப்பதை, யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பழைய டெயில்பீஸின் ஒரு புஷ்ஷில் உள்ளிருந்து ஒரு வயர் வந்து தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வழியாகத்தான் கம்பிகள் கிரவுண்டாகின்றன. இப்போது அந்தத் தொடர்பு ஸ்டட், தகடு, பிக்ஸ்பி, கம்பி என்று நீள்கிறது. நடுவில் எங்காவது பெயின்ட் இருந்தால் அறுந்துபோகும். எனக்கு வந்த தகட்டின் அடிப்பக்கம் முழுக்க கறுப்புப் பூச்சு. ஆம்ப்பைப் போட்டதும் ஹம் என்ற இரைச்சல் கேட்டது, கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை. ஸ்டட் அமரும் இடத்திலும் பிக்ஸ்பி தகட்டைத் தொடும் இடத்திலும் பூச்சைச் சுரண்டிவிட்டேன், சரியானது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் தொடர்பு இருக்கிறது. ஆம்ப்பில் செருகுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

கம்பி மாட்டுவதுதான் பிக்ஸ்பியில் எல்லோரும் சலித்துக்கொள்ளும் வேலை. கம்பியின் உருண்டை முனையைத் தண்டின் அடியில் இருக்கும் முளையில் கோக்க வேண்டும். அங்கிருந்து கம்பி தண்டின் பின்பக்கமாகச் சுற்றி, மேலே ஏறி, குறுக்குத் தண்டின் அடியில் நுழைந்து, பிரிட்ஜுக்குப் போகும். ட்யூனரைச் சுற்றுவதற்குள் கம்பி தளர்ந்து, உருண்டை முளையிலிருந்து நழுவிவிடும். இதற்கு இரண்டு வழி. உருண்டையை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டரை முன்கூட்டியே ஒரு பேனாவின்மேல் வளைத்துக் கொக்கிபோல ஆக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் முளையில் மாட்டியதும் தண்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்சைத் திணித்துவிடுங்கள். கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான ஒரு கேப்போவும் போட்டால் இன்னும் நல்லது, கம்பி இழுத்துப் பிடித்தபடி நிற்கும், இரண்டு கையும் ட்யூனருக்குக் கிடைக்கும். ட்யூனர் கம்பத்தில் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியதற்கு மூன்று நான்கு சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். சுற்று அதிகமானால் கை அசையும்போது அந்தச் சுற்றுகள் இறுகித் தளரும், சுருதி அங்கேயும் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு கையின் உயரத்தைப் பாருங்கள். அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான். கம்பிகளின் மொத்த இழுவையும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் கை நிற்கும். கனமான செட் போட்டால் கை தாழும், மெல்லிய செட்டுக்கு உயரும். ஸ்பிரிங்குகள் உயரத்திலும் மென்மையிலும் பல வகையாகக் கிடைக்கும். வேறு ஸ்பிரிங் போட்டதும் கருவியே வேறாகிவிடும். என் கைக்குக் கொஞ்சம் மென்மையான ஸ்பிரிங்தான் சுகமாக இருந்தது. ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். கையை மேலே தூக்கினால் ஸ்பிரிங் கழன்று ஓடும், அதனால் பக்கத்தில் யாராவது வந்து கையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் சொல்லிவைப்பது நல்லது.

சுருதி நிற்கவில்லை என்றால் எங்கே மாட்டுகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். சுருதி காட்டும் கருவியைப் பார்த்துச் சரியாகச் சுருதி வைத்துவிட்டு, பிக்ஸ்பியின் கையை நன்றாக அழுத்தி விடுங்கள். கம்பி கூடுதலான சுருதியில் திரும்பி வந்தால் குற்றவாளி நட். ஏன் என்றால், கையை அழுத்தும்போது வாசிக்கும் பகுதி தளர்கிறது. நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவே உள்ள துண்டு இன்னும் இறுக்கமாக இருப்பதால் கம்பியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. கையை விட்டதும் இழுத்துக்கொண்டதைத் திருப்பித் தர வேண்டும். நட் விடாமல் பிடித்துக்கொண்டால் வாசிக்கும் பகுதி கூடுதலாக இறுகி நிற்கிறது. அந்தக் கம்பியை ஒரு ஃப்ரெட்டில் பிடித்து ஒருமுறை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி சரியான இடத்துக்கு இறங்கினால் நட்தான் என்பது உறுதி.

மாறாக, கம்பி குறைந்த சுருதியில் திரும்பினால் பிரிட்ஜையோ குறுக்குத் தண்டையோ பாருங்கள். அங்கே நடப்பது இதன் தலைகீழ். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கம்பித் துண்டை விரலால் அழுத்தி விட்டதும் சுருதி ஏறிச் சரியானால், மாட்டுவது பிரிட்ஜில். எதைச் செய்தும் சரியாகாமல் இறங்கிக்கொண்டே போனால், கம்பி புதிது, இன்னும் அடங்கவில்லை, அல்லது ட்யூனரில் சுற்று நழுவுகிறது. புதுக் கம்பிகளைப் போட்டதும் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்து மேலே இழுத்து, மறுபடி சுருதி வைத்து, பிறகு கையை அழுத்தி, மறுபடி சுருதி வைத்து என்று அது ஓயும்வரை செய்யத்தான் வேண்டும்.

கை அசையும்போது எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்காது. தண்டு ஒரே அளவுதான் உருளும், ஆனால் ஒவ்வொரு கம்பியின் தடிமனும் இறுக்கமும் வேறு. மேலே சுருள் சுற்றாத மூன்று கம்பிகளில் ஜி தான் அதிகம் இறங்கும், மெல்லிய ஈ குறைவாக இறங்கும். ஆகவே கார்டை ஆழமாக அழுத்தினால் அது கார்டாக இருக்காது. பிக்ஸ்பி அதிகம் போனால் ஒரு ஸ்வரம் அல்லது கொஞ்சம் கூட இறங்கும், அதற்குமேல் போவதற்கானது அல்ல. கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது கையின் நுனியில் இரண்டு விரல் எடை மட்டும் வைத்து மெதுவாக அசைப்பதுதான் இதன் இயல்பான குரல். ராக் இசையில் சுருதியைத் தலைகீழாகப் பாயவிட வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ளாய்ட் ரோஸ் இருக்கிறது.

பொருத்திய பின் பழக வேண்டியவை சில. கிடாரின் எடை கூடும், தோளில் தெரியும். ஒரு கம்பியை வளைக்கும்போது கூட ஒலிக்கும் மற்றக் கம்பிகள் லேசாகத் தாழும், அதனால் ஒன்றை நிறுத்தி ஒன்றை வளைக்கும் வாசிப்பில் காது விழிப்பாக இருக்க வேண்டும். பழைய டெயில்பீஸின் இறுக்கமான ஒலி கொஞ்சம் மிருதுவாகிவிடும். அதற்குப் பதிலாகக் கம்பிகளில் காற்றோட்டமான ஒரு மினுக்கம் வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கனமான ரிஃப் மட்டுமே வாசிப்பவருக்குப் பிடிக்காமல் போகலாம், அவர் இதைப் பொருத்த வேண்டியதில்லை.

நான் இருப்பது சென்னையில். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து பிரிட்ஜ் சேடிலில் பச்சை பிடிக்கும், கம்பி சீக்கிரம் சொரசொரப்பாகும். சொரசொரப்பான கம்பி எவ்வளவு நல்ல நட்டிலும் மாட்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியை, குறிப்பாகக் குறுக்குத் தண்டின் அடிப்பகுதியைத் துடைத்துவிடுகிறேன். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுகிறேன், பிரிட்ஜ் அசையாமல் நிற்கிறது, நட்டிலும் புதுக் கரித்தூள் போட்டுக்கொள்கிறேன். தண்டு உருளும் இரண்டு முனையிலும் எப்போதாவது ஊசி முனையால் ஒரு சொட்டு மெஷின் ஆயில். பிக்ஸ்பியின் கையைப் பிடித்திருக்கும் போல்ட் நட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். கழற்றிய டெயில்பீஸையும் பழைய ஸ்டட்களையும் ஒரு சிறிய கவரில் போட்டு, எந்த மரை என்று அதன்மேல் எழுதி, கிடார் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.